அணை கசியுதே, ஆபத்தா?

2024 அக்டோபர் 13, ஞாயிறு மாலை

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டவுனுக்குக் குடிதண்ணீர் வருகிற அணை கசிகிறது. பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கற்கட்டு, அதில் ஏழு ஷட்டர், இரண்டு பக்கமும் மண் கரை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்று மதியம் கீழ்ப்புறம் இறங்கிப் பார்த்தேன். கல் இடுக்கெல்லாம் தண்ணீர் வழிந்து, சுவர் நெடுக வெள்ளை வெள்ளையாகக் கோடு. அடியில் சின்னதாக ஒரு வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள், கசிவு முழுவதும் அதில் ஓடுகிறது. அப்படியென்றால் கசிவது அவர்களுக்கும் தெரியும். அடைக்காமல் அதற்கு வாய்க்கால் வேறு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்!

நீர்மட்டம் இப்போது பாதிதான். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவே இல்லை. நிறைந்தால் என்ன ஆகும்? இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்காது என்பது என் கணிப்பு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். "மக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை மைக்கில் சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அதே நாள் இரவு 10.40

ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கசிவை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். மூன்று மணி நேரம் மேசையில் வைத்தும் அடியில் துளி மண் இறங்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதைவிடத் தெளிவு. இது நல்லதா கெட்டதா?

அக்டோபர் 15

நல்லதாம்.

என் தாய்மாமா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 78 வயது. வேறு ஓர் அணையில் ஷட்டர் ஏற்றி இறக்கியே காலம் கழித்தவர். செல்போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கூடப் போடவில்லை, சிரித்துவிட்டார். "கசியாத அணை எங்க மாப்ள இருக்கு? கசியுதேன்னு பயப்படாத. கலங்கலாக் கசிஞ்சா அப்பப் பயப்படு."

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தண்ணீரைத் தேக்கினால் அது எங்காவது ஊடுருவத்தான் செய்யும். கல்லுக்கு இடையே இருக்கும் சாந்தில் உள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வந்து, வெளியே காற்றுப் பட்டதும் வெள்ளையாகப் படிய வைக்கும். நான் பார்த்த கோடுகள் அவைதான். பல வருடங்களாகக் கரைந்தால் சாந்து பலம் இழக்கும். அதற்குத்தான் பழைய கற்கட்டு அணைகளில் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசலை அழுத்தி ஏற்றுகிறார்கள். ஆனால் வெள்ளைக் கோடு தெரிந்த மறுநாள் உடைந்துவிடும் என்பதெல்லாம் என் கற்பனை. முதல் பதிவில் போட்ட "இரண்டு மழைக்காலம்" என்ற கணிப்பை வாபஸ் வாங்குகிறேன்.

நான் கிண்டல் அடித்தேனே, அந்த வாய்க்கால், அது கசிவை அளப்பதற்காம். அதன் முனையில் வி வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்று இருக்க வேண்டும் என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடுகிறேன்.

அக்டோபர் 20

தகடு இருக்கிறது. கோரைப்புல்லுக்குள். ஆட்டுக்காரர் ஒருவர் அரிவாளால் வெட்டிக் காட்டினார், "இதுவா சார், நாங்க இதுல கால் கழுவுவோம்" என்றார்.

தொண்ணூறு பாகை வி. நான்கு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 26 லிட்டர் சொச்சம். ஒரு வாளி நிரம்ப அரை நிமிடம். அவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றம்.

அக்டோபர் 21

திருத்தம். தகட்டின் வாயிலேயே ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறீர்கள், அங்கே தண்ணீர் வளைந்து தாழ்ந்து விழும், கொஞ்சம் பின்னால் தள்ளி மட்டம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வெட்கத்தோடு இன்று மறுபடி போனேன். சரியான அளவு 5 செ.மீ. அதாவது நிமிடத்துக்கு 46 லிட்டர். ஒரே ஒரு செ.மீ. தவறுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வித்தியாசம்! வி தகட்டின் குணம் அது. 10 செ.மீ. வழிந்தால் 260 லிட்டரைத் தாண்டிவிடும். மட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்கு. கண்ணால் பார்த்து "அதே அளவுதான் ஓடுது" என்று சொல்கிறவரை இனி நம்பமாட்டேன், என்னையும் சேர்த்து.

அக்டோபர் 27

"மண் அணையா கல் அணையா என்று சொல்லாமல் கசிவைப் பற்றிப் பேசுவது வீண்" என்று கண்டித்தவருக்கு. உண்மைதான். எங்களுடையது இரண்டும். கற்கட்டு, சொந்த எடையால் நிற்பது. மண் கரையின் எமன் வேறு. ஊடுருவும் தண்ணீர் மண் துகளையும் கூட இழுத்து வந்தால், கீழ்ப்புறத்திலிருந்து மேல்புறம் நோக்கி உள்ளேயே ஒரு குழாய் உருவாகிக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் ஒரு சின்ன ஊற்று, அவ்வளவுதான். அந்தக் குழாய் தண்ணீர்ப் பக்கத்தை எட்டியதும் சில மணி நேரத்தில் கரை காலி. அமெரிக்காவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று போனது இப்படித்தான். காலையில் கசிவு, மதியத்துக்குள் அணை இல்லை. அது பழைய அணையும் இல்லை, முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வயதை வைத்து மட்டும் அணையை எடை போட்ட என் முதல் பதிவுக்கு இது இரண்டாவது அடி.

ஆகவே பாட்டில் சோதனை கற்கட்டுக்கு ஓரளவு, மண் கரைக்கு ரொம்ப முக்கியம். மண் கரையின் அடியை நான் இன்னும் நடந்து பார்க்கவே இல்லை. சுவரில் தெரிந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

நவம்பர் 3

நடந்தேன். இடது கரை 700 மீட்டருக்கு மேல். சீமைக்கருவேலம் இடுப்பளவு. கரையான் புற்று நான்கு. எலி வளையோ நண்டு வளையோ தெரியாது, கை நுழையும் அளவுக்கு மூன்று ஓட்டை. ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக, மற்ற இடமெல்லாம் காய்ந்து. அந்தப் பச்சையில் மிதித்தால் செருப்பு சொதசொதவென்று இறங்குகிறது. தண்ணீர் ஓடவில்லை, ஈரம்தான். படம் எடுத்து வைத்திருக்கிறேன், காய்ச்சல்காரனுக்கு வெப்பமானி வைத்துக் குறிக்கிற மாதிரி தேதியோடு.

நவம்பர் 4

ஏரிக்கரையில் பனை நிற்கலாம் என்றால் அணைக் கரையில் மரம் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். பனை பற்றிச் சண்டை வேண்டாம். ஏரிக்கரையில் பனை நிற்பது காலங்காலமாக நாம் பார்த்தது, சல்லி வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் சரி. ஆனால் 14 மீட்டர் உயர அணைக் கரையில் எந்த மரத்தையும் வைக்கக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருக்கும் வேரைவிடச் செத்த வேர்தான் பிரச்சினையாம், அது மக்கிப்போன இடம் தண்ணீருக்கு வழி. அதோடு புதர் மண்டினால் ஓட்டையும் ஈரமும் கண்ணுக்கே தெரியாது. எங்கள் தாத்தா காலத்து ஏரியையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நவம்பர் 9

இதுதான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. ஒரு மாதமாகச் சுவரையும் கரையையும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமாவிடம் "உங்க சர்வீஸ்ல எதுக்கு ரொம்பப் பயந்தீங்க?" என்று கேட்டேன். கசிவு, விரிசல் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "சங்கிலி" என்றார். ஷட்டரைத் தூக்குகிற சங்கிலி.

யோசித்துப் பாருங்கள். 2017 நவம்பர் 29, கிருஷ்ணகிரி அணை: முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. 2022 செப்டம்பர் 21, பரம்பிக்குளம்: மூன்று ஷட்டர்களில் நடுவில் உள்ளது, ஷட்டரைத் தூக்க உதவும் எதிர் எடையின் சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி வெளியேறியது, 6 டி.எம்.சி.க்கு அருகே தண்ணீர் போச்சு. இந்த வருடம் ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்ரா: 33 மதகில் 19ஆவது, சங்கிலி அறுந்து போயே போச்சு. மூன்றிலும் சுவர் சிவனே என்று நின்றது. யாரும் விரிசல் கண்டு அலறவில்லை. போனது இரும்பு.

நம் கண் சுவரில் இருக்கிறது. பெரியது, பழையது, பயமுறுத்துகிறது. ஷட்டர் சிறியது, பெயிண்ட் அடித்திருக்கிறது, சுதந்திர தினத்துக்கு மூவர்ண விளக்கு கூடப் போடுகிறார்கள்.

எனக்கு இதில் சொந்த அனுபவமே இருக்கிறது, அதைத்தான் மறந்து தொலைத்தேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபிட்டராக இருந்தபோது ஓர் அணையில் ஷட்டர் வேலை. ரப்பர் சீல் மாற்ற வேண்டும், சங்கிலியைச் சுத்தம் செய்து கிரீஸ் அடிக்க வேண்டும், துரு தட்டி பெயிண்ட். தண்ணீருக்கு மேலே இருக்கும் சங்கிலியைப் பளபளவென்று ஆக்கினோம். தண்ணீருக்குள் இருக்கும் கண்ணிகளை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் மட்டம் இறக்க வேண்டும், அல்லது முன்னால் தடுப்புப் பலகை இறக்கி ஷட்டரைத் தனிமைப்படுத்த வேண்டும். தடுப்புப் பலகை அங்கே இருந்தது, அதைத் தூக்க வேண்டிய கிரேன் வேலை செய்யவில்லை. "மேல நல்லா இருந்தா கீழயும் நல்லாத்தான் இருக்கும்" என்று மேஸ்திரி சொன்னார். பில் பாஸ் ஆனது. அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்குத் தோடு வாங்கினேன். இதை இருபது வருடம் கழித்து எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

துங்கபத்ராவில் நடந்தது இன்னும் பாடம். ஒரு மதகு போனால் அதற்கு முன்னால் தடுப்புப் பலகை இறக்க அங்கே வழியே அமைக்கப்படவில்லை. 1953இல் முடித்த அணை. ஷட்டர் போன மதகு வழியே தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, ஓய்வுபெற்ற மதகு வல்லுநர் கன்னையா நாயுடுவை வரவழைத்து, இரும்புத் தடுப்புகளைத் துண்டு துண்டாக இறக்கி ஒரு வாரத்தில் அடைத்தார்கள். ஓய்வு பெற்ற ஒருவரை வீட்டிலிருந்து கூட்டி வர வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

நவம்பர் 10

ஒரு ஷட்டர் மேல் எவ்வளவு பாரம் என்று கேட்டிருந்தார்கள். 20 அடி அகலம், 13 அடி உயரம், மேல் விளிம்பு வரை தண்ணீர் என்றால் ஏறத்தாழ 48 டன். உயரம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு. ஆக "பாதி நிறைந்திருக்கும்போது நல்லாத்தானே இருந்தது" என்பது வாதமே இல்லை.

நவம்பர் 10, இரவு

ஷட்டர் போன அணைகளின் பட்டியலில் முக்கொம்பை ஏன் விட்டீர்கள் என்கிறார்கள். விட்டது வேண்டுமென்றே. அது நீரைத் திருப்பிவிடும் அணைக்கட்டு, தேக்குகிற அணை இல்லை. கொள்ளிடத்தில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது, 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் போயின. அங்கே சங்கிலி அறுந்த கதையும் இல்லை, தாங்கி நின்ற தூண்களே சாய்ந்தன. ஆகவே அது என் வாதத்துக்கு எதிரான உதாரணம். வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 13

முல்லைப் பெரியாறு வந்தே தீரும் என்று தெரியும், வந்துவிட்டது. சுருக்கமாக முடிக்கிறேன். பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்தது, சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்து. 1979க்குப் பிறகு மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே கேபிள் நங்கூரம், பின்னால் கான்கிரீட் அணைப்பு என்று பலப்படுத்தினார்கள். 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு சுவரை இத்தனை வருடம் உற்றுப் பார்த்ததில், நாட்டிலேயே அதிகம் சோதிக்கப்பட்ட சுவர்களில் ஒன்று அது. எங்கள் அணையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அதற்காக வழக்குப் போட அண்டை மாநிலமும் இல்லை. இதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு நான் வரமாட்டேன்.

நவம்பர் 17

கொடகனாறு.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் "கொடகனாறு ஒடைஞ்ச வருசம்" என்றுதான் பிள்ளைகளின் வயதைச் சொல்வார்கள். வேடசந்தூர் பக்கம், 1977 நவம்பர். மண் அணை, ஐந்து ஷட்டர், ஒவ்வொன்றும் 10 அடி அகலம். மேலே உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்தும் வெள்ளம் வந்து சேர்ந்தது. ஊழியர்கள் தூங்கவில்லை, நேரத்துக்கே ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தார்கள். பாதியில் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போட்டார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. கையால் சுற்றினார்கள். தண்ணீர் கரைக்கு மேலே ஏறி, பின்சரிவில் அருவி மாதிரி விழுந்து மண்ணைக் கரைத்தது. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை பல இடத்தில் உடைப்பு.

மாமா அப்போது 31 வயசு. அடுத்த வாரம் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். கேட்டபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கையால சுத்துறது எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா மாப்ள? ஒரு ஆளு நூறு சுத்து சுத்துனா ஷட்டர் ஒரு சாண் ஏறாது. தண்ணி அடிக்கணக்குல ஏறும்" என்றார். அதன்பிறகு தன் அணையில் மாதம் ஒரு முறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்காமல் விட்டதில்லையாம். டீசல் கணக்கில் வராது என்று திட்டு வாங்கியிருக்கிறார். தன் கைக்காசில் ஒரு கேன் வாங்கி வைத்திருந்தாராம்.

அந்த அணையில் சுவரும் கரையும் எப்படி இருந்தன என்பது அந்த இரவில் பொருட்டே இல்லை. கரண்ட், டீசல், இருட்டில் அணைக்குப் போகிற பாதை. நான் இப்போது பார்க்க வேண்டிய பட்டியல் இதுதான்.

நவம்பர் 18

"உங்கள் மாமாவைப் பேச விடுங்கள், நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்" என்று ஒரு நண்பர். மாமாவிடம் சொன்னேன். "டைப் அடிக்கத் தெரிஞ்சா உன்னையெல்லாம் ஏன் வச்சிருக்கேன்" என்கிறார்.

நவம்பர் 24

இரண்டு நல்ல செய்தி. ஒன்று, நீர்மட்டம் முக்கால். இரண்டு, வி தகட்டில் கசிவு குறைந்திருக்கிறது! 5 செ.மீ. இருந்தது இன்று 3 தான். நிமிடத்துக்கு 13 லிட்டர். தண்ணீர் ஏறியும் கசிவு இறங்கியிருக்கிறது. அணை தானாகவே அடைத்துக்கொண்டது போலிருக்கிறது. முதல் பதிவு எழுதிய முட்டாளைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது.

நவம்பர் 25, காலை

நேற்றைய முட்டாளைப் பார்த்து இப்போது அழுகை வருகிறது. தயவுசெய்து மேலே உள்ளதை நம்பாதீர்கள்.

இரவு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஏ.இ. (உதவிப் பொறியாளர்), பொறுமையாக விளக்கினார்கள். மட்டம் ஏறும்போது கசிவும் கொஞ்சம் ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் தண்ணீர் வேறு எங்கோ போகிறது, அல்லது வெளியே வர முடியாமல் உள்ளே நிற்கிறது. கற்கட்டுக்கு அடியில் பாறை இடுக்கு வழியாக நுழையும் தண்ணீர் அணையை மேல்நோக்கித் தூக்கும். எடையால் நிற்கிற பொருளை அடியிலிருந்து தூக்கினால் எடை குறைந்த கணக்கு. அதனால்தான் வடிகுழாய்கள் விட்டு அந்த நீரை வெளியேற்றி அழுத்தத்தை இறக்குகிறார்கள். சாந்திலிருந்து கரைந்து வரும் அதே சுண்ணாம்பு அந்தக் குழாய்களுக்குள் படிந்து படிந்து அடைத்துவிடும். வெளியே பார்ப்பவனுக்கு "கசிவு நின்றுபோச்சு, அணை குணமாச்சு." உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்.

கசிவு வாய்க்காலைப் பார்த்து "அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்" என்று நான் கொதித்தேனே, அடைத்திருந்தால்தான் கொதித்திருக்க வேண்டும்.

நவம்பர் 25, மதியம்

அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஆய்வு செய்ய வேண்டும் என்று 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறதே, மழைக்கு முந்தைய ஆய்வில் வடிகுழாய் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இது 15 மீட்டருக்குக் கீழே சார், இதுக்கு அதெல்லாம் வராது" என்றார் ஒருவர். 10 மீட்டருக்கு மேல் இருந்து, 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் தேக்கினாலே சட்டத்துக்குள் வரும், அதாவது சுமார் 35 மில்லியன் கன அடி, நம்முடையது அதைப்போலப் பல மடங்கு என்றேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ரசீது கேட்டேன். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.

இளவயது ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) ஒருவர் வாசல் வரை வந்து, "அந்த 5, 3 ரீடிங் தேதியோட வாட்ஸப்ல அனுப்புங்கண்ணே" என்று நம்பர் கொடுத்தார். அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

டிசம்பர் 2, திங்கள்

இன்று எல்லார் வாயிலும் சாத்தனூர் அணை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளம். முன்பே திறந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு மனசு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோதும் இதே கேள்விதான். குடிதண்ணீர் ஏரியை முன்கூட்டியே காலி செய்தால், மழை ஏமாற்றிவிட்டால் கோடையில் லாரிக்கு வரிசையில் நிற்க வேண்டும். தேக்கி வைத்தால் ஒரே ராத்திரியில் திறக்க வேண்டும். பொறியாளர் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். ஆனால் எவ்வளவு திறக்கிறோம், எத்தனை மணிக்குத் திறக்கிறோம், அது எந்தெந்தத் தெருவுக்கு வரும் என்பதைச் சொல்வதில் இரண்டு மனசுக்கு இடமே இல்லை. எங்கள் அணை ஏழு ஷட்டரையும் முழுசாகத் தூக்கினால் தண்ணீர் எங்கள் வீதியில் எந்த உயரத்துக்கு நிற்கும்? வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா? நான் கேட்டவரை இல்லை.

டிசம்பர் 3

குடிநீர் அணை போனால் வெள்ளத்தோடு முடியாது என்பதற்குப் புனே. 1961 ஜூலை 12, கட்டி முடியாத பான்ஷெட் மண் அணை உடைந்து, அந்தத் தண்ணீர் கீழே இருந்த கடக்வாஸ்லா கற்கட்டு அணையையும் உடைத்தது. 1879இல் கட்டியது, நகரத்துக்குக் குடிநீர் கொடுத்தது. ஊர் மூழ்கியது, வடிந்த பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை. பழையது தானாக உடையவில்லை, மேலே இருந்த புதுசு உடைத்தது. வயது பற்றிய என் முதல் வாதத்துக்கு மூன்றாவது அடி. இனி எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 8

வண்டலைத் தூர் வாரினால் அணை பலமாகுமா என்று கேட்டவருக்கு ஒரு வரி: தூர் வாரினால் கொள்ளளவு கூடும், அணை பலமாகாது. கரையின் அடியை ஒட்டி மண் எடுத்தால் பலம் குறையவே செய்யும். யார் எடுக்கிறார்கள் என்று நான் எழுதப்போவதில்லை, எனக்கும் அந்தப் பாதையில்தான் பைக் ஓட்ட வேண்டும்.

டிசம்பர் 22

மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கைத்தடியோடு, ஒரு படிக்கு ஒரு நிமிடம். அணை ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. காற்றுக்கு அலை வந்து ஷட்டரில் மோதும் சத்தம்.

ஜே.இ. தம்பி இருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் ஆள் வைத்து வடிகுழாய்களில் கம்பி விட்டுக் குத்தி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார். சுண்ணாம்புக் கட்டி வந்ததாம், தேங்காய் ஓடு மாதிரி. ஒன்றை எடுத்து வைத்திருந்தார். மாமா அதைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பச்சைப் புல் இருந்த இடத்தில் கருவேலம் வெட்டி, அடையாளக் கல் நட்டிருக்கிறார்கள். ஈரம் அதே அளவுதான், வளரவில்லை.

வி தகட்டில் 6 செ.மீ. நிமிடத்துக்கு 73 லிட்டர். பாட்டிலில் பிடித்தோம், தெளிவு. அணை இத்தனை கசிகிறதே என்று சந்தோஷப்பட்டு நின்றேன்.

மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. ஷட்டர் மேடைக்கு ஏறியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து ஏறினார். ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். இரண்டாவது தடவையில் ஓடியது. மூன்றாவது ஷட்டர் சங்கிலியில் விரலை வைத்து இழுத்து, விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். கிரீஸ் இல்லை. துருப்பொடி. "கீழ எப்படி இருக்குன்னு பாத்தியா?" என்று ஜே.இ.யைக் கேட்டார்.

"கோடையில மட்டம் இறங்குனதும் பாக்கணுங்கய்யா."

"பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு" என்றார் மாமா. நம்பர் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தார், நான் கொடுத்தேன்.